ஏடு யார் கையில்?

காலை வேளையில் பொன்னேரி இரயில் நிலையத்தின் நடைமேடையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்தொடர் வண்டியை எதிர்நோக்கி இளைஞரும் இளம்பெண்களும் நிற்பார்கள். அவர்களுள் வேலைக்குச் செல்வோர் யார், வேலை தேடிச் செல்வோர் யார் என்று பிரித்தறிவது கடினமன்று. வேலைக்குச் செல்வோர் கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். வேலை தேடுவோர் நெஞ்சோடு அணைத்திருப்பதோ ஒரு பிளாஸ்டிக் உறை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், இரு புகைப்படங்கள், ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்த பயோடேட்டா - இவ்வளவுதான் அதனுள் இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் ஏதோ ஒரு வாயிலில் அந்த உறை கைமாறும். சில வேளைகளில் பிரிக்கப்படாமலே திரும்பி வரும்.

அந்த உறைக்குள் இருப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியர் எழுதியது ஒன்று. வட்டாட்சியர் எழுதியது ஒன்று. தேர்வுத் துறை எழுதியது மற்றொன்று. எல்லாமே பிறர் அந்த இளைஞனைப் பற்றி எழுதியவை. அவன் தன் கையால் செய்தது எதுவும் அங்கே இல்லை. பற்றவைப்புத் தொழில் பயின்றவன் தான் இணைத்த இரும்புத் தகட்டைக் காட்ட வழியில்லை. தையல் பயின்ற பெண் தான் வெட்டித் தைத்த முதல் இரவிக்கைக்கும் ஐம்பதாவது இரவிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல இடமில்லை. நோயாளர் பராமரிப்புப் பயின்றவள், படுத்த படுக்கையான மூதாட்டி ஒருவரை ஆறு வாரம் புண் வராமல் காத்த கதை யாருக்கும் தெரியாது.

இக்குறையைப் போக்கும் வழியாகவே 'மின்னணு போர்ட்ஃபோலியோ' என்னும் முறை கல்வி உலகில் பேசப்படுகிறது. மாணவர் தாம் செய்தவற்றுள் சிறந்தனவற்றைத் தாமே தெரிந்தெடுத்து, படமாகவும் ஒலியாகவும் எழுத்தாகவும் கணினியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் தாம் கற்றது என்ன என்பதைத் தம் சொற்களிலேயே குறித்து வைக்கும் தொகுப்பு அது. போர்ட்ஃபோலியோ என்ற சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ஏடுகளைச் சுமப்பது என்பது அதன் பொருள். எனவே இக்கட்டுரையில் அதனை 'மின்னேடு' என்றே வழங்குவோம். பனையோலை ஏட்டில் படித்த இனத்தார்க்கு அச்சொல் அந்நியமாக ஒலிக்காது என்று நம்புகிறேன்.

மின்னேடு அமெரிக்கக் கணினியோடு கப்பலேறி வந்த புதுப்பொருள் என்று பலரும் எண்ணுகின்றனர். கணினி புதிதுதான். ஆனால் மாணவர் தம் கல்வியைத் தாமே பதிந்து வைத்தல் என்னும் எண்ணம் மிகப் பழையது. அதன் வேர்களுள் ஒன்று பொன்னேரியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எழும்பூரில் கிடக்கிறது. அதற்கும் முந்திய வேர்கள் சில நம் திருச்சபையின் பழைய பேரேடுகளில் உள்ளன.

பேரேடுகளும் புள்ளிகளும்

திருச்சபை எழுதி வைப்பதில் என்றுமே சளைத்ததில்லை. திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில், ஒவ்வொரு பங்குத்தந்தையும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்குநூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றோடு 'ஆன்மாக்களின் நிலை' என்னும் ஐந்தாவது பேரேட்டையும் வகுத்தது. பங்கிலுள்ள வீடுதோறும் யார் யார் இருக்கிறார்கள், யார் நற்கருணை பெறும் நிலையில் உள்ளனர் என்பதை அது தெரிவிக்கும். பின்னர் 1907இல் வெளிவந்த 'நே தேமெரே' ஆணை, ஒருவர் எவ்விடத்தில் மணம் புரிந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் குறிக்கப்பட வேண்டும் என்றது. இன்றுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் அதனையே வற்புறுத்துகிறது. பழவேற்காட்டில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பம்பாயில் மணமுடித்தால், பழவேற்காட்டுப் பங்கின் ஏட்டில் அவர் பெயருக்கருகே அச்செய்தி வந்து சேரவேண்டும். ஒரு வாழ்வு முழுமையும் ஒரே வரியைத் தேடிவந்து அமர்கின்ற ஏற்பாடு இது. வாழ்நாள் முழுதும் தொடரும் ஒரே கல்விக் கணக்கு என்று இன்று பேசுவோர் இதனைக் கண்டால் வியப்பர்.

ஆயினும் அந்த ஏட்டைப் பங்குத்தந்தை எழுதுகிறார். பங்கு மக்கள் எழுதுவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இயேசு சபையினரின் கல்வி நெறியான 'ராஸியோ ஸ்துதியோரும்' 1599இல், கிளாடியோ அக்வாவிவா சபைத் தலைவராயிருந்த காலத்தில், முடிவான வடிவம் பெற்றது. அதில் இரு விதிகள் நம் பொருளுக்குரியவை. கீழ் வகுப்பு ஆசிரியர் தம் மாணவரின் பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் எழுதி, மிகச் சிறந்தோர், நல்லோர், நடுத்தரத்தோர், ஐயத்துக்குரியோர் என்று எண்ணிட்டுத் தரம் பிரிக்க வேண்டும் என்பது ஒரு விதி. மாணவர் இயற்றிய செய்யுள்களில் சிறந்தவற்றை இரு மாதங்களுக்கு ஒருமுறை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது பையனைப் பற்றிய தீர்ப்பு. பின்னது பையன் ஆக்கிய பொருள். தீர்ப்பை எழுதும் வழக்கம் நம் பள்ளிகளில் ஆலமரமாய்ப் படர்ந்துவிட்டது. சுவரில் ஒட்டும் வழக்கமோ ஆண்டுவிழாக் கண்காட்சியோடு நின்றுவிட்டது.

புனித இஞ்ஞாசியாரிடம் இவ்விரண்டிலும் வேறுபட்ட மூன்றாவது ஏடு ஒன்று உண்டு. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில், தனிப்பட்ட ஆன்ம சோதனைக்கு ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. ஒருவர் தம்மிடமுள்ள ஒரு குறையைக் களைய முனைந்தால், நாளொன்றுக்கு இரு கோடுகள் வரைந்து, தவறும்போதெல்லாம் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரவில் அன்றைய இரு கோடுகளையும், பின்னர் இன்றையதை நேற்றையதோடும், இவ்வாரத்ததைச் சென்ற வாரத்ததோடும் ஒப்பிட்டு முன்னேற்றம் காண வேண்டும். இந்தப் புள்ளிகளை எவரும் திருத்துவதில்லை. எவரும் மதிப்பெண் இடுவதில்லை. எழுதியவரும் இறைவனும் மட்டுமே அறிந்த கணக்கு அது. அதனாலேயே அதில் பொய் எழுத வேண்டிய தேவை எழுவதில்லை.

எழும்பூரில் ஒரு பரிசோதனை

இனி நம் மண்ணுக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அச்சடித்த பாடநூல் கிடையாது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்தியபின் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டு, மனத்தில் இருத்தி, எழுதி வைப்பான். அவன் படித்து முடித்தபோது கையில் எஞ்சியது சான்றிதழ் அன்று. தான் எழுதிய சுவடி. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை முறையும் அங்கிருந்தது. (பிரம்பும் கோதண்டமும் இருந்தன என்பதை மறைத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமிருக்கவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.)

ஸ்காட்லாந்து நாட்டவரும் ஆங்கிலிக்கன் சபைக் குருவுமான ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப்பள்ளி திறக்கப்பட்டபோது அதன் மேற்பார்வையை ஏற்றார். பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்தவர்கள். ஒருநாள் குதிரையில் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தனர். எனவே அவர் எழுத்தில் அது 'மலபார்ப் பள்ளி' ஆயிற்று. அதே முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் 'மதராஸ் முறை' இவ்வாறு பிறந்தது.

பெல் 1796இல் நாடு திரும்பி, மறு ஆண்டு இலண்டனில் இப்பரிசோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையால் 1833இல் தோன்றிய பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. சட்டாம்பிள்ளைகளைப் பற்றிப் பேசும் வரலாற்றாசிரியர் பலர், பெல்லின் பள்ளியிலிருந்த ஒரு சிறு வழக்கத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஒவ்வொரு மாணவனும் தன் எழுத்துப் புத்தகத்தின் இறுதியில், அன்றன்று தான் முடித்த பாடங்களைத் தானே பதிந்து வந்தான். மாத இறுதியில் கூட்டிப் பார்த்து, முன்மாதத்தோடு ஒப்பிட்டான். வேறு எவனோடும் அல்ல, நேற்றைய தன்னோடு ஒப்பிட்டான். இஞ்ஞாசியாரின் கோடுகளை பெல் அறிந்திருந்தார் என்பதற்கில்லை. ஆயினும் ஒரே மரத்தின் இரு கிளைகள்போல இவை தோன்றுகின்றன.

அதே பள்ளியில் 'கறுப்புப் புத்தகம்' என்றும் ஒன்று இருந்தது. குற்றம் புரிந்தோர் பெயர் அதில் ஏறும். வாரம் ஒருமுறை சிறுவர்களையே நடுவர் குழுவாக அமர்த்தி விசாரணை நடக்கும். ஆக, ஒரே கூரையின்கீழ் இரு ஏடுகள்: ஒன்றைப் பையன் எழுதினான், மற்றொன்று பையனைப் பற்றி எழுதப்பட்டது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் நம் நாட்டில் எந்த ஏடு வளர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புத்தகம் தாளாகச் சுருங்கிய கதை

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முதன்முதலாக 1911இல் நடந்தது. மூத்த வாசகர்கள் அதனை 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்' என்றே சொல்வர். உண்மையிலேயே அது புத்தகமாக இருந்தது. வலப்புருவத்தின்மேல் ஒரு மச்சம், இடமுழங்காலில் ஒரு தழும்பு என அங்க அடையாளங்களும் அதில் இருக்கும். தொடக்கத்தில் அரசுத் தேர்வின் மதிப்பெண்ணோடு, உயர் வகுப்புகளில் மாணவர் பள்ளியிலேயே பெற்ற மதிப்பெண்களும் அதில் இடம்பெற்றன. ஒரே நாள் தேர்வு ஒருவனின் தலைவிதி ஆகக்கூடாது என்னும் நல்லெண்ணம் அதில் இருந்தது. காலப்போக்கில் கல்லூரியும் அலுவலகமும் கடைசிப் பக்கத்தை மட்டுமே பார்த்தன. பார்க்கப்படாத பக்கங்கள் உதிர்ந்து, புத்தகம் ஒரு தாளாயிற்று.

இவ்வரலாறு திரும்பவும் நிகழ்ந்ததை நாமே கண்டோம். 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 60 மதிப்பெண் தேர்வுக்கு. 40 மதிப்பெண் மாணவரின் செயல்பாடுகளுக்கு. நோக்கம் உயர்ந்தது. ஆனால் என்ன நடந்தது? ஆசிரியர்கள் பதிவேடுகளை நிரப்புவதில் களைத்தனர். 'புராஜெக்ட்' என்ற பெயரில் கடையில் விற்கும் படத்தாள்களை வாங்கி, இரவு பதினொரு மணிக்குத் தாய்மார் வெட்டி ஒட்டினர். மதிப்பெண்ணுக்காகத் தொகுக்கும் எந்த ஏடும் நாளடைவில் இப்படித்தான் ஆகிறது. மின்னேட்டைப் புகுத்த விழைவோர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் இது.

சமுதாயக் கல்லூரிகள்

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1996இல், நம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. இவ்வியக்கத்தின் உந்துவிசையாக விளங்கியவர் இயேசு சபை அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ். 1999இல் அவரது முயற்சியால் சமுதாயக் கல்வி ஆய்வுக்கும் மேம்பாட்டுக்குமான இந்திய மையம் சென்னையில் உருவாயிற்று. அதன் வழிகாட்டுதலில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் எழுந்தன. அவற்றுள் பல மறைமாவட்டங்களாலும் துறவற சபைகளாலும் நடத்தப்பட்டவை.

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய அமெரிக்க முன்மாதிரியை அவர்கள் அப்படியே பெயர்த்து நடவில்லை. பள்ளிப் படிப்பைக் கைவிட்டவர், தேர்வில் தோற்றவர், வயது கடந்தவர், கைக்குழந்தையோடு வரும் பெண் என வேறெந்தக் கல்லூரியும் ஏற்காதோரை ஏற்பதே இக்கல்லூரிகளின் அடையாளம். தொழில் திறனோடு வாழ்க்கைத் திறன்களும் கற்பிக்கப்பட்டன: பேசுதல், கோபத்தைக் கையாளுதல், பணத்தை நிர்வகித்தல், நேர்முகத்துக்குச் செல்லுதல் போன்றவை. பின்னர் அருகிலுள்ள மருத்துவமனையிலோ தொழிலகத்திலோ நேரடிப் பயிற்சி. மதிப்பீட்டு முறைதான் எல்லாவற்றிலும் புதுமையானது. ஆசிரியர் மட்டும் மாணவரை மதிப்பிடுவதில்லை. பயிற்சியளித்த தொழிலகத்தின் மேற்பார்வையாளரும் மதிப்பிடுவார். மாணவரும் தம்மைத் தாமே மதிப்பிடுவார். வாழ்நாளெல்லாம் 'நீ தோற்றவன்' என்று பிறர் எழுதியதையே படித்து வந்த ஒருவருக்கு, முதன்முறையாக எழுதுகோல் கொடுக்கப்பட்டது. இதன் அருமையை வெளியிலிருந்து பார்ப்போர் எளிதில் உணர்வதில்லை.

அவ்வாறு எழுதியவை என்னவாயின? அலுவலகக் கோப்பில் தங்கின. மாணவர் வெளியேறும்போது கொண்டுசென்றது மீண்டும் ஒரு தாள்தான். அந்தத் தாளுக்கும் சோதனை வந்தது. 2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளை ஏற்றுப் பட்டயம் வழங்க முன்வந்தது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டது. 2013-14இல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு முத்திரை. ஏற்பளிப்பு மாறலாம், கல்லூரி மூடப்படலாம். அங்கே படித்தவரின் கைத்திறன் மட்டும் மாறுவதில்லை. ஆனால் அதனைக் காட்டும் சான்று அந்த முத்திரையோடு கட்டுண்டு கிடக்கிறது.

மில்வாக்கியும் நியூயார்க்கும்

ஏறத்தாழ இதே சிந்தனை வழியில் வெகு முன்னரே நடந்தவர்கள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ளனர். அங்குள்ள அல்வெர்னோ கல்லூரி புனித பிரான்சிஸ்குவின் பள்ளிச் சகோதரிகள் நிறுவிய பெண்கள் கல்லூரி. பிரான்சிஸ் ஐந்து காய வரம் பெற்ற லா வெர்னா மலையின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அருட்சகோதரி ஜோயல் ரீட் தலைமையில் 1973இல் இக்கல்லூரி ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. மாணவி எத்தனை பாடங்களில் தேறினாள் என்று பாராமல், எவற்றைச் செய்ய வல்லவள் என்று பார்ப்பது. வழக்கமான தர எழுத்துகளைக் கைவிடுவது. முதலாண்டு மாணவியைப் பேசச் செய்து ஒளிநாடாவில் பதிந்துவைத்தனர். இறுதியாண்டில் அவளே அதனைப் பார்த்துத் தன் வளர்ச்சியை எடைபோடுவாள். குரல் நடுங்கிய அந்தப் பெண் தானா என்று அவள் வியப்பது மதிப்பெண் பட்டியல் தரவியலாத அனுபவம். 1999-2000ஆம் கல்வியாண்டில் இவ்வேற்பாடு முழுவதும் இணையத்துக்கு மாறிற்று. கணினி வருவதற்குமுன் கால் நூற்றாண்டு அவர்கள் கல்விநெறியைச் செப்பனிட்டிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. முதலில் மென்பொருளை வாங்கிவிட்டுப் பின்னர் நோக்கத்தைத் தேடும் பழக்கம் நம்மிடையே மிகுதி.

நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி 1971இல் குயின்ஸ் பகுதியில், பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் தொடங்கியது. பற்பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். 2000க்குப் பின்வந்த முதலாண்டுகளில் அங்கு மின்னேடு பெரிய அளவில் அறிமுகமாயிற்று. மாணவர் தம் பாட வேலைகளோடு, தாம் விட்டுவந்த ஊர், தாய்தந்தையர் செய்த தொழில், தாம் கடந்துவந்த பாதை ஆகியவற்றையும் அதில் எழுதினர். எதனை ஊரார் காணலாம், எதனைத் தாம் மட்டும் காணலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாணவரிடம் இருந்தது. 2010 முதல் சால்ட் லேக் சமுதாயக் கல்லூரியும் பொதுக்கல்விப் பாடங்களில் மின்னேட்டைக் கட்டாயமாக்கியது. கட்டாயமாக்கியது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கடையில் வாங்கிய படத்தாள்கள் நினைவுக்கு வருகின்றன.

பெட்டகம் வேறு, ஏடு வேறு

2015 டிசம்பர் வெள்ளத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டினுள் இடுப்பளவு நீர் புகுந்தபோது அரிசியைவிட முன்னதாகப் பரண்மேல் ஏற்றப்பட்டது சான்றிதழ்ப் பைதான். பரணும் மூழ்கிய வீடுகள் பல. நீர் வடிந்தபின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்திச் சான்றிதழ்களின் மறுபடிகளைக் கட்டணமின்றி வழங்கியது பாராட்டுக்குரியது. அரசு எழுதிய ஏடுகள் அரசிடம் இருந்தன; எனவே மீண்டன. மாணவர் தாமே எழுதிய குறிப்பேடு, வரைந்த வரைபடம், பெற்ற பாராட்டுக் கடிதம் ஆகியவற்றுக்கு மறுபடி தர எந்த முகாமாலும் இயலவில்லை.

அவ்வாண்டு ஜூலையில்தான் நடுவண் அரசின் டிஜிலாக்கர் தொடங்கப்பட்டிருந்தது. 2016இல் தேசியக் கல்விசார் ஆவணக் காப்பகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2021இல் கல்வி மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் வங்கி வந்தது. 2023 முதல் 'அபார்' என்னும் பன்னிரண்டு இலக்க அடையாள எண் பேசப்படுகிறது. இவை பயனற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்கும் கரையானுக்கும் அஞ்சாதவை. ஆனால் இவை அனைத்தும் பெட்டகங்கள். நிறுவனம் எழுதியதைப் பத்திரப்படுத்துவன. திருமுழுக்குப் பேரேட்டின் வழிவந்தவை; எழும்பூர்ப் பையனின் கடைசிப் பக்கத்தின் வழிவந்தவை அல்ல. இரண்டையும் ஒன்றென மயங்கி, 'எங்கள் கல்லூரியில் எல்லாம் மின்மயம்' என்று மகிழ்வோர் உளர்.

நம் பகுதியில் இதன் தேவை கூர்மையானது. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்பேட்டைகளும் ஒருபுறம். பழவேற்காட்டு மீனவர், செங்கற்சூளைத் தொழிலாளர், இருளர் குடியிருப்புகள் மறுபுறம். கும்மிடிப்பூண்டியின் ஈழத்தமிழர் முகாமோ 1990 முதல் இருந்துவருகிறது. அங்கு வந்திறங்கியோருள் சான்றிதழ்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்தோர் பலர். கையில் தாள் இல்லாத காரணத்தால் கற்ற கல்வியே இல்லாததாகிவிடும் கொடுமையை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? வலை பின்னவும் படகு எந்திரம் பழுது பார்க்கவும் தெரிந்த மீனவ இளைஞனுக்கு அத்திறமை எந்தச் சான்றிதழிலும் இல்லை. அவன் பழுதுநீக்கும் காட்சி மூன்று நிமிட ஒளிப்படமாக, அவனே தமிழில் விளக்கிப் பேசும் குரலோடு இருக்குமானால், பணிமனை மேற்பார்வையாளர் ஒருவர் அதனைப் பார்த்த மாத்திரத்தில் அவனை எடைபோட்டுவிடுவார்.

ஆயினும் தடைகள் சிறியன அல்ல. மின்னேட்டைத் திறக்கும் சாவி பெரும்பாலும் கைப்பேசி எண்தான். நம் ஏழை மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணை மாற்றுகின்றனர். ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடுகிறது. ஓ.டி.பி. வராத மின்னேடு பூட்டிய பெட்டிதான். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், பெண்பிள்ளையின் படமும் குரலும் யார் யார் கண்ணில் படும் என்னும் கவலை பெற்றோர்க்கு உண்டு. அக்கவலையைப் பழமைவாதம் என்று தள்ளிவிடலாகாது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. நோயாளர் பராமரிப்புப் பயிலும் மாணவி, தான் பேணிய நோயாளியின் முகத்தையோ பெயரையோ தன் ஏட்டில் காட்ட உரிமையற்றவள் என்பதையும் கற்பிக்க வேண்டும்.

இன்னொரு தடை நமக்கு மிக அருகில் உள்ளது. கட்டணப் பாக்கிக்காக மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பூட்டிவைக்கும் வழக்கம் சில கல்வி நிறுவனங்களில் இருந்துவந்தது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அதனைத் திட்டவட்டமாகத் தடைசெய்ய நேர்ந்தது. நம்முடைய நிறுவனங்கள் அத்தவற்றுக்கு அப்பாற்பட்டவை என்று சொல்ல என் மனம் துணியவில்லை. தாளைப் பூட்டிய கை மின்னேட்டைப் பூட்டத் தயங்குமா? ஆதலின் மின்னேடு கல்லூரியின் கணினியில் மட்டும் குடியிருத்தல் கூடாது. மாணவர் விரும்பும்போது முழுவதையும் தம் கைப்பேசிக்கோ நினைவுக் குச்சிக்கோ மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். படிப்பு முடிந்த மறுநாளும், கல்லூரியே மூடப்பட்ட மறுநாளும் அது திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. முதலாளி பார்ப்பார் என்று தெரிந்தபின் எவர் தம் தவற்றை எழுதுவார்? 'முதல் மூன்று தகடுகளும் ஓட்டை விழுந்து வீணாயின. மின்னோட்டத்தை மிகுதியாக வைத்ததே காரணம்' என்று எழுதும் மாணவனே கற்கிறான். 'நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்' என்று எழுதுபவன் பயோடேட்டாவைத்தான் மீண்டும் எழுதுகிறான். இஞ்ஞாசியாரின் புள்ளிகள் உண்மையாயிருந்தமைக்குக் காரணம் அவற்றை எவரும் பாராமையே. எனவே மின்னேட்டுக்கு இரு அறைகள் வேண்டும். உள்ளறை மாணவருக்கும், அவர் நம்பும் ஓர் ஆசிரியருக்கும் உரியது. அதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கிருந்து மாணவர் தாமே தெரிந்தெடுத்து முன்னறைக்குக் கொணர்வதை மட்டும் உலகம் காணட்டும். சமுதாயக் கல்லூரிகளின் தன்மதிப்பீட்டு மரபு இதற்கு ஏற்ற நிலம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழுது வைத்த நிலம் என்றும் சொல்லலாம்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முப்பது மாணவர் கொண்ட ஒரு பற்றவைப்பு வகுப்போ தையல் வகுப்போ போதும். வாரம் ஒரு படம், நாளும் தேதியும் இட்டு; அதனடியில் நான்கு வரி, தமிழில். எழுத இடர்ப்படுவோர் பேசிப் பதியலாம். மாதம் ஒருமுறை, பெல்லின் பிள்ளைகள் செய்தது போல, முன்மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம். பயிற்சிக் காலத்தில் தொழிலக மேற்பார்வையாளரின் ஓரிரு சொற்களையும் அவர் இசைவோடு பதிந்துகொள்ளலாம். ஆண்டிறுதியில் மாணவர் தெரிந்தெடுத்த ஆறு பக்கங்களை நிலையத்துக்கு அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்செடுத்து, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் சான்றிதழுக்கு முன்னால் வைத்துவிடலாம். வாயிற்காவலரிடம் கைப்பேசியைத் திறந்து காட்டும் வாய்ப்பு எல்லா நாளும் கிடைப்பதில்லை.